ஆறு மாச மாத்திரையும் சனிக்கிழமைச் சம்பளமும்

தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு டிபி என்று சளி டெஸ்டில் வந்துவிட்டால், டாக்டர் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுவார். ஆறு மாதம் தினமும் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்த மாத்திரை, பிறகு நாலு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எடை பார்த்து எத்தனை மாத்திரை என்று எண்ணிக் கொடுப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. கேட்கிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றும்.

நான் அங்கன்வாடி வேலையோடு திருப்பூரில் எங்கள் பகுதிக்கு டிபி மாத்திரை கொடுக்கும் வேலையையும் பல வருடமாகப் பார்க்கிறேன். பாதியில் நிறுத்தியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். சோம்பலால் நிறுத்தியவர்கள் ரொம்ப அபூர்வம். வாடகை பாக்கி, ஷிப்ட், பசி, பக்கத்து வீட்டுப் பேச்சு, ஊருக்குப் போனது, குடி இவைதான் காரணமாக இருக்கும். அதனால் இந்த விஷயங்களை முதல் வாரத்திலேயே நீ ஒழுங்கு பண்ணிவிடு. மூன்றாவது மாதம் யோசிக்கலாம் என்று விடாதே. இருமல் நின்று, காய்ச்சல் விட்டு, உடம்பு தேறிய மாதிரி இருக்கும் அந்த நேரத்தில்தான் மாத்திரை நிற்கிறது. பாதியில் நின்றால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். பிறகு வேறு மருந்து, இன்னும் கடினமான வைத்தியம்.

சம்பளத்திலிருந்து ஆரம்பி

பனியன் கம்பெனியில் கூலி ஷிப்ட் கணக்கு அல்லது பீஸ் ரேட், சனிக்கிழமை கைக்கு வரும். காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தால்தான் ஒன்றரை ஷிப்ட். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு காலைப் பொழுது போனால் அந்த வார வாடகைப் பணத்தில் துண்டு விழும். இரண்டு முறை அப்படி ஆனால், மூன்றாவது முறை "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார். அது பொறுப்பில்லாத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய மனுஷன் போடும் கணக்கு அது.

அதனால் முதல் நாளே டிபி சூப்பர்வைசரிடம் கேளு: வீட்டுப் பக்கத்தில் மாத்திரை கொடுக்க யார் இருக்கிறார்கள்? அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், தெரிந்த கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. வீட்டு ஆளே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. வேலை நேரத்தைச் சொல்லி, காலை எட்டு மணிக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி ஏற்பாடு கேளு. கேட்காமல் யாரும் தானாகச் செய்து தர மாட்டார்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

அடுத்து, சம்பளச் சீட்டை எடுத்துப் பாரு. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? இருந்தால் உனக்குப் பெரிய பலம் இருக்கிறது, அது பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஈ.எஸ்.ஐ. என்றால் இலவச மருந்து மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. டாக்டர் "இவர் வேலைக்குப் போக முடியாது" என்று சான்று கொடுத்தால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக வரும். அதற்கு மேலும் உண்டு. நீண்ட கால நோய்கள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் காசநோயும் இருக்கிறது. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, அதற்கு முந்தைய நாலு சந்தாக் காலங்களில் குறைந்தது 156 நாள் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம் கிடைக்கும். தேவைப்பட்டால் இரண்டு வருடம் வரை நீட்டிப்பார்கள். இந்தப் பணம் வீட்டுக்கு வந்தால், உடம்பு நடுங்க நடுங்க மனுஷன் மெஷினில் போய் உட்கார வேண்டியதில்லை. கம்பெனி மாறும்போது பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரையே கொடுக்கச் சொல்லு. புது நம்பர் போட்டால் பழைய சந்தா நாட்களைச் சேர்ப்பதற்கு அலைய வேண்டியிருக்கும்.

பிடித்தமே இல்லாத கான்ட்ராக்ட் வேலை என்றால் வருத்தம்தான். ஊரில் விவசாயக் கூலியாக உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால், காசநோய்க்கு மாத உதவித்தொகை அதில் உண்டு, வி.ஏ.ஓ. அலுவலகத்தில் விசாரி. முதல் இரண்டு வாரமாவது அவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்பதை நோய் தெரிந்த அன்றே உன் அம்மாவோடு உட்கார்ந்து பேசு. கந்து வட்டிக்கு மட்டும் போகாதே. வாரவட்டி கட்டுகிற வீட்டில் மாத்திரை நிற்கும். நான் பார்த்த வரையில் இது தப்பியதே இல்லை.

மாத்திரை போட்டால் பசிக்கும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நோய் அடங்க ஆரம்பித்ததும் உடம்பு சோறு கேட்கும். வீட்டில் சோறு அளவாக இருந்தால் அந்தப் பசியே வேதனை. "மாத்திரை போட்டா வயிறு கபகபன்னு எரியுதுங்க, அதான் விட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். மாத்திரை பிடிக்காமல் மறுக்கவில்லை அவர்கள், சோற்றுக்கு வழியில்லாமல் மறுத்தார்கள்.

இதற்காகத்தான் 2018லிருந்து மத்திய அரசு சத்துணவுக்குப் பணம் தருகிறது. முதலில் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. ஆறு மாதத்துக்கு மொத்தம் 6,000 ரூபாய், இரண்டு தவணை: நோய் உறுதியானதும் 3,000, வைத்தியத்தில் 84 நாள் முடிந்ததும் 3,000. தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் இது உண்டு, அவர் அரசின் டிபி பதிவுக்கான நிக்‌ஷய் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் பேங்க் கணக்குக்குத்தான் வரும். அங்கேதான் சிக்கல். ஆதார் இணைக்காத கணக்கு, வருஷக்கணக்கில் தொடாமல் முடங்கிய கணக்கு, பழைய போன் நம்பர், இப்படி ஒவ்வொன்றாக இழுக்கும். சளி டெஸ்ட் ரிசல்ட் வந்த வாரமே பேங்குக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாரு. வேலை செய்கிற கணக்கு என்று தெரிந்த பிறகு நம்பரைக் கொடு. பணம் வரவில்லை என்றால் 1800-11-6666க்குப் போன் பண்ணு, கட்டணம் கிடையாது. நிக்‌ஷய் ஐடியை, அதாவது அந்தப் பதிவு எண்ணை, கையில் வைத்துக்கொள்.

வந்த பணத்தில் சத்து மாவு டின் வாங்காதே; விளம்பரத்தில் வரும் டின் விலைக்கு முட்டை எத்தனை வரும் என்று கணக்குப் போடு. தினம் ஒரு முட்டையாவது, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, ரேஷன் துவரம் பருப்பில் தண்ணீர் குறைத்த சாம்பார் போதும். மாதம் ஒரு முறை எடை போடு. ஜார்கண்டில் காசநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மளிகை கொடுத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் பாதிக்கும் கீழே போனது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மளிகை கொடுத்ததில், அவர்களில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அதனால் அவருக்கு முட்டை எடுத்து வைத்துவிட்டு நீ ரசம் சோற்றோடு எழுந்திருக்காதே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரொம்ப மெலிந்து, கால் வீங்கி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாத நிலையில் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதே. தமிழ்நாட்டில் 2022லிருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இந்த அறிகுறிகளைப் பார்த்து உடனே வார்டில் சேர்க்கிறார்கள். "சேர்க்கணுமா பாருங்க" என்று நீயே கேளு.

பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால்

லைன் வீட்டில் எட்டு குடும்பத்துக்கு ஒரு குழாய். மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டால்கூட யாராவது பார்ப்பார்கள். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்வாரோ, கம்பெனியில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் மாத்திரையை மறைத்து வைப்பார்கள். மறைத்து வைத்தது மறந்தும் போகும். பெண்ணுக்கு டிபி வந்தால் இது இன்னும் மோசம். மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் மாத்திரை போட்ட புதுப்பெண்களை எனக்குத் தெரியும். உனக்கே வந்தாலும் உன் புருஷனிடம் மறைக்காதே. தனியாகச் சொல்ல பயமாக இருந்தால், ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னால் சொல்லு. என் மாதிரி மாத்திரை கொடுக்கிறவர்களை அழைத்தாலும் வருவோம்.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. யாரிடம் சொல்வது என்று நீங்கள் இருவரும் முடிவு பண்ணுங்கள். கேட்கிறவர்களுக்கு "சளி கட்டியிருக்கு, கோர்ஸ் போடுறாங்க" என்றால் போதும். ஆனால் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து அவரை ஒதுக்காதே. இது தட்டில் பரவுவதில்லை, இருமும்போது காற்றில் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து வை, ஆரம்ப வாரங்களில் மாஸ்க் போடச் சொல்லு, சளியை மூடி போட்ட டப்பாவில் துப்பச் சொல்லு. பிள்ளைகளை அழைத்துப் போய்ச் சோதித்துவிடு. நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மாத்திரை தருவார்கள்.

வீட்டிலேயே குணமாகுமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைத் தாம்பரம் சானடோரியத்தில் வைத்தார்கள், மற்றவர்களை நெருக்கமான வீடுகளிலேயே விட்டு ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது, ஓய்வும் இருந்தது. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்கள் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வந்த அந்த முடிவுதான் உலகம் முழுக்க டிபிக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதைச் செய்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அந்த நோயாளிகளை யாரும் மாத்திரையோடு தனியாக விட்டுவிடவில்லை, வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உன் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றால், வரச் சொல்லி நீ கேட்கலாம்.

சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படாதே. குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்ட பிறகு போடலாமா, ராத்திரி போடலாமா என்று நர்ஸிடம் கேட்டு மாற்றிக்கொள். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ அன்றே போக வேண்டும். நீ கர்ப்பத்தடை மாத்திரை போடுகிறவளாக இருந்து உனக்கே டிபி மருந்து ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லு, அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டையாகப் போடக் கூடாது.

குடி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. குடித்தால் ஈரல் கெடும், நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் சனிக்கிழமை குடித்துவிட்டு, "குடிச்ச அன்னிக்கு மாத்திரை போடக்கூடாது" என்று சனி ஞாயிறு இரண்டு நாளும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். திட்டினால் மறைப்பார். குடிக்கிறார் என்பதை டாக்டரிடம் நீயே சொல்லிவிடு. ஈரலுக்கு ரத்த டெஸ்ட் எடுப்பார்கள், ஜி.எச்.சில் மனநலப் பிரிவுக்கும் அனுப்புவார்கள்.

தீபாவளிக்கு இங்கே கம்பெனிகள் மூடிவிடும், ஊரே காலியாகும். தேனிக்கோ திருவாரூருக்கோ போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லி, நாட்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மாத்திரை வாங்கிக்கொள். ஊரிலேயே தங்கிவிடும்படி ஆனால், நிக்‌ஷய் ஐடியைக் காட்டினால் அங்கே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடர்ந்து வாங்கலாம். ஒடிசா, பீகார் போகிற தம்பிகளுக்கும் இதுதான். அவர்களுக்குத் தமிழ் வராது, பக்கத்து ரூமில் யாராவது இருந்தால் கொஞ்சம் எடுத்துச் சொல்லு.

ஆறு மாதம் முடிந்ததும் கடைசி சளி டெஸ்ட் எடுக்காமல் விடாதே. அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடத்துக்குப் பார்ப்பார்கள். அந்தத் தேதிகள் ஷிப்ட் நாளில்தான் வரும். டிபி சூப்பர்வைசரிடம் பேசி கம்பெனி லீவு நாளுக்குப் பக்கமாகப் போட்டுக்கொள், நோட்டில் எழுதி வை, போனிலும் போட்டு வை.