அம்மாவோட செம்பருத்தி: ஒரு குச்சியிலிருந்து முருகனுக்கு ஒரு பூ

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இன்னைக்கு ஒரு தோட்டப் பாடம். நான் தப்பு பண்ணிக் கத்துக்கிட்டது.

நாங்க நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவங்க. வாசல் பக்கம் அம்மா வெச்ச ஒற்றைச் செம்பருத்தி இருந்துச்சு. தினமும் காலைல அதுல முதல் பூ வீட்டு முருகன் படத்துக்கு. பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு கோயிலுக்குப் போறப்ப ஒரு கூடைப் பூ கூடவே வரும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தப்போ எங்க தெருவுல மரங்கள் வரிசையா சாஞ்சுது. பலா மரம் விழுந்து செம்பருத்தி நசுங்கிப் போச்சு. தரையோட ஒரு சாண் கட்டைதான் மிச்சம். அப்பா பிடுங்கிடலாம்னு சொன்னார். அம்மா விடல. மாசி மாசம் அந்தக் கட்டையில சிவப்பா துளிர் வந்துச்சு. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அதே செடியில பூ!

அதனாலதான் அப்பா ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி பண்ணணும்னு வந்தப்போ அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "செடியை என்னடா பண்றது?" அவ்வளவு பெரிய செடியைப் பேர்த்து எடுத்தா பிழைக்கறது கஷ்டம். கையில இருந்தது மூணு மாசம். பொறுப்பை நான் எடுத்துக்கிட்டேன்.

முதல் தப்பு: ஆன்லைன் விதை

"ஹார்டி ஹைபிஸ்கஸ்"னு தட்டு சைஸ் பூ படம் போட்டு விதை விக்கிறாங்க. அது வட அமெரிக்கச் செடி. பனிக்காலத்துல தரைக்கு மேல முழுசா காய்ஞ்சு, வசந்தத்துல வேர்லேருந்து திரும்ப முளைக்கும். "ஹார்டி"ன்னா குளிரைத் தாங்கும்னு அர்த்தம். நமக்குத் தாங்க வேண்டியது வெயில்! நம்ம வீட்டுச் செம்பருத்தி வேற இனம். 1753ல லின்னேயஸ் அதுக்கு வெச்ச பேருக்கு "சீனத்து ரோஜா"ன்னு பொருள். இது பருத்தி, வெண்டை குடும்பம். விதை பிடிக்கறது அபூர்வம், பிடிச்சாலும் தாய்ச்செடி மாதிரியே வரும்னு சொல்ல முடியாது. அதே பூ வேணும்னா குச்சிதான் வழி.

இரண்டாவது தப்பு: அவசரம்

பங்குனிக் கடைசியில பத்துக் குச்சி வெட்டி, நல்ல வெயில்ல வெச்சு, காலை மாலை தண்ணி ஊத்தினேன். பத்தும் கருகிடுச்சு. வேர் இல்லாத குச்சியால வெயில்ல இழக்கற ஈரத்தைத் திரும்ப எடுத்துக்க முடியாது. ஊத்தின தண்ணியோ அடிப்பக்கத்தை அழுக வெச்சிடும். அம்மா ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மூணாவது முறை செஞ்சது (இதைக் குறிச்சுக்கோங்க)

1. பச்சையும் இல்லாம முத்தவும் இல்லாம, பென்சில் கனத்துக்கு 6 முதல் 8 அங்குலக் குச்சி. கணுவுக்குக் கீழே சாய்வா வெட்டணும், ஏன்னா கணுகிட்டதான் வேர் சுலபமா வரும்.
2. பூ, மொட்டு, கீழ் இலை எல்லாம் எடுத்துடுங்க. மேல ரெண்டு இலை போதும்.
3. பாதி மணல், பாதி மட்கிய தொழு உரம். ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும்.
4. தண்ணி பாட்டிலைப் பாதியா வெட்டி மேல கவுத்துடுங்க, ஈரம் போகாது. இடம் நிழல்.
5. மண் காய்ஞ்சா மட்டும் தண்ணி. இழுத்துப் பார்க்காதீங்க! புதுத் துளிர் வந்தாலும் ஆறு வாரம் பொறுங்க.

ஆறு குச்சியில மூணு பிழைச்சுது. வீடு மாறின அன்னைக்கு ஆட்டோவுல அம்மா மடியில அந்த மூணு பைதான்.

தொட்டிக்கு வந்த பிறகு

ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தொழு உரம். தொட்டிக்கு அடியில ஓட்டை கண்டிப்பா வேணும். அஞ்சு ஆறு மணி நேரம் வெயில் படலைன்னா இலைதான் வரும், பூ வராது. மாசம் ஒரு கைப்பிடி தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போதும்.

மொட்டு உதிருதா? பெரும்பாலும் தண்ணி ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லைன்னு மாறி மாறி ஊத்தறதாலதான். விரலை மண்ணுல விட்டுப் பார்த்து ஊத்துங்க.

நுனியில வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. எறும்பு ஏறுதான்னும் பாருங்க, அதுதான் பூச்சிக்குக் காவல். நுனியைக் கிள்ளித் தூரப் போட்டு, தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவுங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க. வெண்டைச் செடியைப் பக்கத்துல வைக்காதீங்க, அதே பூச்சி அதுக்கும் வரும்.

மழைக்காலம் முடிஞ்சு தை, மாசியில மூணுல ஒரு பங்கு வெட்டி விடுங்க. புதுக் கிளையிலதான் பூக்கும். புயல் எங்க செடிக்குப் பண்ணினதும் ஒரு வகையில அதேதான், கொஞ்சம் கடுமையா!

இப்போ வாடகை வீட்டு மாடியில மூணு தொட்டி. முதல் நாலு மாசம் படத்துக்குக் கடைப் பூதான். கந்த சஷ்டிக்குள்ள பூக்கணும்னு நான் தினம் மொட்டை எண்ணினேன். ஆறு நாளும் பூக்கல. சூரசம்ஹாரம் முடிஞ்சு மறுநாள், திருக்கல்யாணத்தன்னைக்குக் காலைல ஒண்ணு விரிஞ்சுது. அம்மா அதைப் பறிச்சு, "அஞ்சு இதழ், நடுவுல ஒரு தண்டு. எண்ணிப் பாரு, ஆறு"ன்னாங்க.

செம்பருத்தி ஒரு நாள் பூ. சாயங்காலம் வாடிடும், மறுநாள் புதுசு வேணும். அதனால செடி பக்கம் தினம் போய்த்தான் ஆகணும். உங்க வீட்டுலயும் பாட்டியோ அம்மாவோ வெச்ச செடி இருந்தா, வீடு மாறுற நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த வாரமே நாலு குச்சி வெட்டி வைங்க, ஒண்ணைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்க.

ஓம் சரவணபவ!