பிடித்துவிடும் தொழிலும் அரசாங்கப் பதிவும்

சுளுக்கு, பிடிப்பு, முதுகுவலி என்று வருவோருக்குத் தைலமிட்டு நீவி விடுவது நம் முன்னோர் அறிந்த தொழில். மலாய்ச் சகோதரர்கள் இதனை ‘ஊருட்’ என்பர். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு உடல் நீவி, சுடவைத்த துங்குவால் ஒத்தடம் கொடுத்து, வயிற்றில் பெங்குங் துணி சுற்றுவதும் இதைச் சேர்ந்ததே. தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைப்பழக்கமாகவே இது வந்தது. ‘கைராசிக்காரர்’ என்ற பெயரே போதுமான சான்றாக இருந்தது. இன்று அது போதாது. ஏன் போதாது, என்ன செய்ய வேண்டும் என்பதே இப்பாடம்.

நம்மூர் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனைக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலாக 2007ஆம் ஆண்டில் இங்குதான் தொடங்கப்பெற்றது. நாட்பட்ட வலியுடையோருக்கும் பக்கவாதம் கண்டு தேறி வருவோருக்கும் ஊருட் சிகிச்சை அங்கே இடம்பெற்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்டர் பரிசோதித்து அனுப்பிய நோயாளியையே அங்கு பிடித்துவிடுவர். தொழிலுக்கு மதிப்பு வந்தபோது, கட்டுப்பாடும் உடன் வந்தது.

பின்னர் 2016இல் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் (775ஆம் சட்டம்) இயற்றப்பட்டது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள் இதன்கீழ் வருகின்றன. இதற்கென ஒரு மன்றமும் அமைந்தது. அங்கீகரிக்கப்பட்ட துறையில் சிகிச்சை செய்வோர் அம்மன்றத்தில் பதிவு பெற வேண்டும். பதிவின்றிச் செய்தால் அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு.

தொழில் தொடங்க விரும்புவோர் மூன்று காரியங்களை வரிசையாக முடிக்க வேண்டும்.

முதலாவது, தகுதிச் சான்று. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்துப் பெறலாம். பல ஆண்டுகள் தொழில் செய்தும் கையில் ஒரு தாளும் இல்லாத பெரியவர்கள் கவலையுற வேண்டியதில்லை. அவர்களுக்கென்றே பி.பி.டி. என்னும் முன்னனுபவ அங்கீகார வழி இருக்கிறது. செய்த வேலைக்கான அத்தாட்சிகளைத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் பார்த்து முடிவு செய்வார். ஆகவே இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வந்தவரின் குறை, செய்த சிகிச்சை ஆகியவற்றை எழுதத் தொடங்குங்கள்.

இரண்டாவது, மன்றப் பதிவு. நோய்க்குச் சிகிச்சையாகப் பிடித்துவிடுவது வேறு. களைப்பு நீங்க ஸ்பாவில் பிடித்துவிடுவது வேறு. உங்கள் தொழில் எதில் சேரும், கையிலுள்ள சான்றிதழ் அதற்குப் போதுமா என்பதைப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மன்றத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்க.

மூன்றாவது, கடை லைசென்ஸ். இதனை வழங்குவது செபராங் பிறை மாநகர் மன்றம். கடைக்கு லைசென்ஸ் இருப்பதால் ஆளுக்குப் பதிவு வந்துவிடாது. ஆளுக்குப் பதிவு இருப்பதால் கடைக்கு லைசென்ஸ் வந்துவிடாது. இரண்டும் வெவ்வேறு.

நிற்க, பெயர்ப்பலகை விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய், இரத்தக் கொதிப்பு, ஆண்மைக் குறைவு போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தல் கூடாது. மருத்துவமனையில் பக்கவாத நோயாளிக்குப் பிடித்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே டாக்டரின் சிகிச்சைக்குத் துணையாகச் செய்கிறார்கள். தீர்த்துவிடுவோம் என்று பலகை மாட்டவில்லை.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைச் சுளுக்கென்று எண்ணி அழுத்தினால், உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரையே போக்கிவிடலாம். நீரிழிவால் உணர்வு குன்றிய காலுக்குச் சூடு தெரியாது, ஒத்தடமே தீப்புண்ணாகும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரை அழுத்திப் பிடித்தால் உள்ளே இரத்தம் கசியும். காய்ச்சல், எலும்பு முறிவு, தோல் தொற்று உள்ளவர்களைத் தொடாமல் டாக்டரிடம் அனுப்புவதே முறை. எங்கே கை வைக்கக் கூடாது என்று அறிவதே இக்கல்வியின் முக்கியப் பகுதி.

அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைத்தவன் அதற்கு ஈடு செய்யப் பொறுப்பாளி என்பது நம் மார்க்கச் சட்ட நூல்களும் கூறும் விதி. ஆகவே பதிவு பெறுவதை அரசாங்கத் தொல்லையென்று கருதற்க. நம்மை நம்பி உடலை ஒப்படைப்பவருக்கு நாம் தரும் உறுதி அது.

பெண்களுக்குப் பெண்களே பிடித்துவிட வேண்டும் என்பது நம் ஒழுங்கு. பயிற்சி பெற்ற சகோதரிகள் இல்லையேல், நம் தாய்மார் யாரிடம் செல்வர்? பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பில் கைப்பழக்கமுள்ள பெண்மணிகள் நம் குடும்பங்களில் உள்ளனர். விண்ணப்பத் தாளை நிரப்ப அவர்களுக்குத் துணை தேவை. மலாய் மொழி எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த உதவியைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.