பழைய கணினியின் இரைச்சலும் தில்லியின் புழுதியும்

கோடையில் தில்லி வாழ்வோர் 'ஆந்தி' எனப்படும் புழுதிப் புயலை நன்கறிவர். மேற்றிசைக் காற்று கொணரும் நுண்மணலும், சாலைப் புழுதியும், கட்டட வேலைத் தூசியும் மூடிய சன்னல்களின் இடுக்கு வழியாகவும் அறைக்குள் புகுகின்றன. காற்றில் மிதக்கும் 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள், ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என 2009-இல் தேசிய அளவு வகுக்கப்பட்டது. தில்லியின் அண்மை ஆண்டுச் சராசரியோ அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்காகும். இல்லங்களிலும் பள்ளிகளிலும் உள்ள பழைய மேசைக் கணினிகள் இரைவதற்குப் பெரும்பாலும் இத்தூசியே காரணம்.

விசிறி செய்யும் வேலை

கணினியின் செயலி இயங்குகையில் சூடேறும். அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய 'ஹீட் சிங்க்' என்னும் உறுப்பும், அதன்மேல் சிறு மின்விசிறியும் பொருத்தப்பட்டிருக்கும். விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. காற்றைத் தகடுகளினூடே செலுத்தி வெப்பத்தை அகற்றுகிறது. ஆதலின் செயலி எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும்.

ஓர் உதாரணம் காண்போம். தகடுகள் தூய்மையாக உள்ளபோது, செயலி அறையைவிட 40 பாகை மிகுதியாகச் சூடேறுகிறது எனக் கொள்வோம். சனவரியில் அறை 15 பாகையாயின் செயலி 55 பாகை. மே மாதத்தில் அறை 42 பாகையாயின் செயலி 82 பாகை. தூசி அடைத்து அந்த 40 பாகை 60 ஆகுமாயின், முறையே 75, 102 என்றாகும். 100 பாகையை வரம்பாகக் கொண்ட செயலி, அந்நிலையில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அல்லது கணினி தானே நின்றுவிடும். குளிர்காலத்தில் மறைந்திருந்த குறை கோடையில் வெளிப்படுவது இதனாலேயே.

ஓசையைக் கொண்டு அறிதல்

வேலை மிகும்போது இரைந்து பின்னர் அடங்கினால், தகடுகளில் தூசி அடைத்திருக்கலாம். 'டக் டக்' என ஒலித்தால், கம்பி ஏதேனும் இறக்கையில் படுகிறதா எனப் பார்க்க வேண்டும். துடைத்த பின்னும் அரைப்பது போன்ற ஓசை நீடித்தால் பேரிங் தேய்ந்திருக்கும். விசிறியை மாற்றுவதே முறை.

துடைக்கும் முறை

1. கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக. பெட்டியைத் தாழ்வாரத்திற்குக் கொண்டுசென்று, மூக்கைத் துணியால் மூடிக்கொள்க.

2. பக்கப் பலகையைக் கழற்றி, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுக. உலர்ந்த காலத்தில் உடலில் தேங்கும் நிலைமின்னேற்றம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கக் கூடும்.

3. இறக்கைகளை உலர்ந்த மென்தூரிகையால் துடைக்க. ஈரத்துணி ஆகாது.

4. ஊதுகருவியைப் பயன்படுத்துகையில் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளல் இன்றியமையாதது. காற்றின் வேகத்தில் அது அளவிறந்து சுழன்றால் பேரிங் கெடும். விசிறியின் மோட்டார் மின்னாக்கியாக மாறி, மின்பலகைக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும்.

5. விசிறியை மட்டும் திருகு நீக்கி எடுத்து, அதன் அடியிலுள்ள தகடுகளைக் காண்க. பலர் இறக்கைகளைத் துடைத்து நின்றுவிடுவர். தகடுகளின்மேல் கம்பளிபோல் படிந்த தூசியே முதன்மையான தடை.

6. மின்வழங்கிப் பெட்டியைத் திறத்தல் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் அதனுள், மின்தொடர்பை நீக்கிய பின்னும் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதனை வெளியிலிருந்து துடைத்தலே போதும்.

மார்ச் இறுதியில் ஒருமுறையும், மழை தொடங்கியபின் ஒருமுறையும் இவ்வாறு செய்தல் நன்று.

ஆசிரியர்கள் இப்பணியை மாணவர் கண்முன் செய்து காட்டலாம். வெப்பம் கடத்தப்படும் விதத்தை விளக்க இதனினும் எளிய பாடம் அரிது. கோடையில் அடிக்கடி நின்றுவிடும் கணினியைப் 'பழுது' என்று ஒதுக்கினால், அது கிழக்குத் தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களைச் சென்றடையக் கூடும். அங்கே ஏழைத் தொழிலாளர் பழைய மின்கருவிகளைக் கையால் உடைத்து, நச்சுப் புகையினிடையே உலோகம் பிரிக்கின்றனர். ஒரு தூரிகையும் அரைமணி நேரமும் செலவிட்டால், அக்கணினி மேலும் சில ஆண்டுகள் வகுப்பறையில் உழைக்கக் கூடும்.