தங்கிப் படிக்கும் நாட்களில் பாடம் நடத்தாதீர்கள்

இணையவழியில் இறையியல் படிக்கிறவர்களை ஆண்டுக்கொரு முறை வளாகத்துக்கு வரவழைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கவைப்பது நல்ல ஏற்பாடுதான். அந்த நாட்களை விரிவுரையால் நிரப்புகிறார்களே, அதில்தான் எனக்குச் சண்டை. கைப்பேசியில் ஏற்கெனவே கேட்ட பாடத்தை, பிடிஎஃப்பாக ஏற்கெனவே வந்த குறிப்பை, அதே ஆசிரியர் அதே வரிசையில் மறுபடி வாசிப்பதைக் கேட்க விடுதி எதற்கு, பஸ் செலவு எதற்கு? நான் படித்த செமினரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே காலை முதல் மாலை வரை இதுதான். கேட்டால் 'போர்ஷன் முடியவில்லை' என்பார்கள்.

திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நமக்கு அந்த நாட்களின் விலை தெரியும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குச் சம்பளத்தோடு லீவு என்று ஒன்று கிடையாது. ஷிஃப்ட் கணக்கில் இருப்பவருக்கும் வராத நாள் வராத நாள்தான். சனிக்கிழமை சம்பளத்தில் தெரிந்துவிடும். பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று வரிசையாகப் பீஸ் நகர்கிற பவர் டேபிளில் ஒருவர் எழுந்துபோனால் அடுத்தவர் கைக்கு வேலை வராது. ஷிப்மென்ட் நெருக்கடியில் காண்ட்ராக்டர் அந்த மிஷினில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார். நாம் திரும்பும்போது அந்த ஆள் எழுந்திருக்கப்போவதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுத் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று பஸ் மாறி மதுரைக்கோ, இராத்திரி வண்டியில் பெங்களூருவுக்கோ போகிறவருக்கு, வீட்டில் உட்கார்ந்து பெறமுடியாத ஒன்று அங்கே கிடைக்க வேண்டும்.

கூடித் தங்கினால்தான் ஊழியர் உருவாவார் என்பது பழைய நம்பிக்கை. கத்தோலிக்கத் திருச்சபை மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று திரிதெந்தின் சங்கத்தில் 1563இல் முடிவு செய்தது. நம் பக்கத்தில் சீகன்பால்கு 1716இல் தரங்கம்பாடியில் உள்ளூர் ஊழியர்களுக்கென்று பள்ளி தொடங்கினார். அந்த நம்பிக்கையில் முதல் பெரிய உடைப்பு 1963இல் குவாத்தமாலாவில் நேர்ந்தது. அங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் செமினரி, வேலையும் குடும்பமும் உள்ள சபைத் தலைவர்கள் வளாகத்துக்கு வரமாட்டார்கள் என்பதைக் கண்டுகொண்டு, ஆசிரியரை அவர்கள் ஊருக்கு அனுப்பியது. பாடத்தை மாணவர் வீட்டில் தாமே படித்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை கூடும்போது படித்ததை வைத்து விவாதிக்க வேண்டும். 1971இல் பெங்களூருவில் தொடங்கிய டாஃப்டீ என்ற இறையியல் கல்வி அமைப்பு இதே முறையைத்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நேரில் கூடும் நேரம் பாடம் சொல்வதற்கு அல்ல என்பது, இணையம் வருவதற்கு முன்பே, அச்சுப் புத்தகக் காலத்திலேயே தீர்ந்துபோன விவகாரம். இணையம் வந்த பிறகு அதை மறந்திருக்கிறோம் என்பதுதான் வேடிக்கை.

அப்படியானால் அந்த நாட்களில் என்னதான் செய்வது? மருத்துவமனை சார்ந்த மேய்ப்புப் பணிப் பயிற்சியைப் பாருங்கள். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் 1925இல் ஒரு மனநல மருத்துவமனையில் தொடங்கியது அது, வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. மாணவர் நோயாளியைப் போய்ப் பார்க்கிறார். பேசியதை நினைவிலிருந்து வரி வரியாக எழுதுகிறார். அதைக் குழுவின் நடுவே வைத்து, 'இந்த இடத்தில் அவர் அழ வந்தார், நீ ஏன் அவசரமாக ஜெபத்துக்குத் தாவினாய்' என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் முகம் சிவந்து உட்கார்ந்திருப்பதுதான் கல்வி. திரையில் இது நடக்காது. கேமராவை அணைத்துவிட்டுத் தப்பித்துவிடலாம். பிரசங்கமும் அப்படியே. சக மாணவர்கள் முன்னால் பேசி, எந்த நிமிடத்தில் அவர்கள் கவனம் கலைந்தது என்று அன்று இராத்திரியே அவர்கள் வாயால் கேட்க வேண்டும். லுத்தரன் ஆளும் பெந்தெகொஸ்தே ஆளும் ஒரே அறையில் படுத்து, ஞானஸ்நானத்தைப் பற்றிச் சண்டைபோட்டு, காலையில் ஒரே குழாயடியில் பல் தேய்க்க வேண்டும். இதற்குப் பாடத்திட்டத்தில் மணிநேரக் கணக்கு கிடையாது என்பார்கள். கணக்கு எழுதிக்கொள்ளட்டுமே.

'குறிப்பு அனுப்பினால் யாரும் படிப்பதில்லை, அதனால்தான் நேரில் நடத்துகிறோம்' என்று ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இராத்திரி எட்டு மணிக்கு ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வருகிறவர் புத்தகத்தைத் தொடுவது லேசல்ல. ஆனால் பத்து நாள் விரிவுரை அதற்கு மருந்தாகாது. வாரா வாரம் சின்னத் தேர்வு, படிக்காதவருக்கு வளாகத்தில் இடமில்லை என்ற விதி, இவை போதும். இன்னொரு பக்கம், 'அப்படியானால் வளாகமே வேண்டாம், முழுக்க இணையத்திலேயே முடித்துவிடுங்கள்' என்பவர்கள் இருக்கிறார்கள். வட அமெரிக்க இறையியல் பள்ளிகளின் கூட்டமைப்பே 2020இல் தங்கிப் படிக்கும் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டதை அவர்கள் காட்டுவார்கள். கட்டாயத்தை எடுத்தது சரி; தேவையும் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. மூன்று வருடம் வளாகத்திலேயே வைத்திருந்த கல்லூரிகளுக்கும் வகுப்பறை போதவில்லை. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தன் மாணவர்களைக் குடிசைப் பகுதிகளில் போய்க் குடியிருக்கச் சொல்லி அனுப்பியது. மனிதர் நடுவே பழகாமல் போதகர் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துப் பேச ஒரு கூட்டம்தான் அவருக்கு இல்லை.

தேதி விஷயமும் உண்டு. விடுதி காலியாகக் கிடைக்கும் என்பதற்காக மே மாதம் வைக்கிறார்கள். சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் மாதம் அது. நம்மை விட்டால் நடத்த ஆளிருக்காது. கிறிஸ்துமஸ் பக்கம் பேச்சே இல்லை. நமக்கு வாகானது தீபாவளிக்கு மறுநாள். போனஸ் கைக்கு வந்திருக்கும், கம்பெனி பூட்டியிருக்கும், ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி மிஷின் ஓடச் சில நாளாகும், சபைக்கும் பெரிய பண்டிகை இல்லை. ஊருக்குப் போகவில்லை என்று வீட்டில் முகம் தூக்குவார்கள். பொங்கலுக்குப் போகலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கட்டணம் கட்டுமுன் தங்கும் நாட்களின் கால அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். விரிவுரை பாதிக்கு மேல் இருந்தால் வேறு செமினரி பாருங்கள். அட்டவணை அங்கே வந்த பிறகுதான் தரப்படும் என்றால், அதற்கும் அதே பதில்.