நிலத்தடியில் ஒரு நீருலகம்

நுழையும்முன்

நீராடுதல் உடலுக்குக் குளிர்ச்சியையும் உள்ளத்துக்குக் களிப்பையும் தருவது. ஆற்றிலும் அருவியிலும் கடலிலும் நீராடுவோர் பலர். நிலத்தின் வயிற்றுக்குள் இறங்கி நீராடும் இடங்களும் உலகில் உண்டு. அத்தகைய நீர்நிலைகளின் எழிலையும், அவற்றோடு பிணைந்துள்ள மக்களின் வாழ்வையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

ஆறில்லா நாடு

மெக்சிகோ நாட்டின் தென்கிழக்கில் அமைந்துள்ளது யுகடான் தீபகற்பம். மெக்சிகோ வளைகுடாவும் கரீபியன் கடலும் அதனைச் சூழ்ந்துள்ளன. அதன் வடபகுதியில் காடு உண்டு, மழையும் உண்டு, ஆனால், நிலத்தின்மேல் ஓடும் ஆறுகள் இல்லை எனலாம். அவ்வாறாயின், பெய்யும் மழையெல்லாம் எங்கே செல்கிறது? நிலத்துக்குள் செல்கிறது. அந்நீரைக் கண்ணால் காண உதவும் வாயில்களே 'செனோட்டே' எனப்படும் இயற்கை நீர்க்குழிகள். மாயன் மக்களின் சொல்லை ஸ்பானியர் தம் நாவிற்கேற்ப மாற்றி ஒலித்ததால் இப்பெயர் தோன்றியது. இத்தகைய நீர்க்குழிகள் யுகடானில் ஆயிரக்கணக்கில் உள்ளன.

தோன்றிய விதம்

யுகடான் நிலம் பெரிதும் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பழங்காலத்தில் கடலடியாக இருந்த இந்நிலம், கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதால் உருவானது. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறை விரிசல்களின் வழியே இறங்கி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளை உண்டாக்குகிறது. நாளடைவில் குகையின் கூரை மெலிந்து இடிந்து விழ, உள்ளே மறைந்திருந்த நீர் வெளிப்படுகிறது.

யுகடானின் வடமேற்கில் இந்நீர்க்குழிகள் பெரும் வில்போல் வளைந்த வரிசையில் அமைந்துள்ளன. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கு ஒரு பெரும் விண்கல் மோதியது. டைனோசர்களின் அழிவுக்குக் காரணமாகக் கருதப்படும் மோதல் அதுவே. அப்போது தோன்றிய சிக்சுலூப் பள்ளம் இன்று பிற்காலப் பாறைகளின் அடியில் புதைந்து கிடக்கிறது. அதன் விளிம்பை ஒட்டியே இவ்வரிசை அமைந்துள்ளது.

உள்ளே இறங்கினால்

சிச்சென் இட்சா நகரின் அருகில் உள்ள இக் கில் என்னும் நீர்க்குழியில், தரைமட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் ஆழத்தில்தான் நீர் தொடங்குகிறது. பாறையில் அமைந்த படிகளின் வழியே இறங்க வேண்டும். மேலிருந்து கொடிகளும் வேர்களும் நீரைத் தொடுமளவு தொங்குகின்றன. நண்பகலில் வட்டமான வாயில் வழியே விழும் கதிரொளி, நீரை நீலமும் பச்சையுமாக ஒளிரச் செய்கிறது.

கடற்கரையை அடுத்த நீர்க்குழிகளில் மற்றொரு புதுமை உண்டு. மேலே நன்னீர், கீழே கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீர். அடர்த்தி மிகுந்த உவர்நீரின்மேல் நன்னீர் மிதக்கிறது. இரண்டும் கூடும் இடத்தில் ஒளி வளைந்து, காட்சி கலங்கித் தெரியும்.

நீரில் மூழ்கிய குகைகளில் கல்விழுதுகளும் காணப்படுகின்றன. கூரையிலிருந்து நீர் சொட்டி, அதிலுள்ள சுண்ணாம்பு படிவதால் உருவாகும் இவை, காற்று நிறைந்த குகையில்தான் வளர முடியும். எனவே, பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இக்குகைகள் வறண்டிருந்தன என்பதற்கு இவை சான்றாகின்றன.

நீரே தெய்வம்

ஆறில்லா நாட்டில் மாயன் நாகரிகம் தழைக்க இந்நீர்க்குழிகளே துணைநின்றன. 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்பது சிச்சென் இட்சா என்னும் பெயரின் பொருள். அந்நகரில் இரு பெரும் நீர்க்குழிகள் உள்ளன. ஒன்று அன்றாடத் தேவைக்கு நீர் தந்தது. மற்றொன்று புனித நீர்நிலையாகப் போற்றப்பட்டது. அதில் மாயன் மக்கள் பச்சைமணிக் கற்கள், பொன், மட்கலங்கள் முதலியவற்றைக் காணிக்கையாக இட்டனர். மனிதரைப் பலியிட்டமையை அதனுள் கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் உணர்த்துகின்றன. நீரின்மேல் அவர்கள் கொண்டிருந்த அச்சமும் பற்றும் அத்துணை ஆழமானவை.

எல்லாம் ஒரே நீர்

தனித்தனியாகத் தோன்றும் நீர்க்குழிகள் பலவும் நிலத்தடியில் இணைந்துள்ளன. 2018ஆம் ஆண்டில், தனித்தனியே அறியப்பட்ட இரு நீரடிக் குகைத்தொகுதிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை முக்குளிப்போர் கண்டறிந்தனர். சக் ஆக்துன் எனப்படும் அத்தொகுதியின் நீளம் 347 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. அதன் ஒரு பகுதியில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட இளம்பெண் ஒருத்தியின் எலும்புக்கூடு 2007இல் கண்டறியப்பட்டது. அவளுக்கு ஆய்வாளர் இட்ட பெயர் நாயா.

இவ்விணைப்பே இந்நீர்நிலைகளின் பெருமை. அதுவே அவற்றின் வலுவின்மையும் ஆகும். விரிசல் மிகுந்த சுண்ணாம்புப் பாறை, நீரை விரைவாக உள்வாங்குமேயன்றி மாசினை நன்கு வடிகட்டாது. ஓரிடத்தில் கலந்த கழிவு, தொலைவில் உள்ளோர் பருகும் நீரையும் அடையக்கூடும். நீராடுவோர் உடலில் பூசிய களிம்பும் நீரைக் கெடுக்கும். ஆதலால், முதலில் உடலைக் கழுவிய பின்னரே நீர்க்குழியில் இறங்க வேண்டும் எனப் பல இடங்களில் விதி உள்ளது.

சிறுவரின் வழக்கு

ஹோமுன், நீர்க்குழிகள் சூழ்ந்த ஒரு மாயன் ஊர். சுற்றுலாவே அவ்வூரார் பலரின் பிழைப்பு. ஏறத்தாழ 49,000 பன்றிகளை வளர்க்கும் பண்ணை ஒன்று அங்கு அமைந்தது. அதன் கழிவு நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று ஊரார் அஞ்சினர். மாசற்ற சூழலில் வாழும் உரிமையைக் காக்குமாறு அவ்வூர்ச் சிறுவர் சிலரின் பெயரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2018இல் பண்ணையின் இயக்கத்தை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2021இல் மெக்சிகோவின் உச்ச நீதிமன்றமும் அத்தடையை நிலைநிறுத்தியது.

பயணி ஒருவர் ஒரு பொழுது நீராடி மகிழும் நீரே, அம்மண்ணின் மக்கள் நாள்தோறும் பருகும் நீர். ஓர் இயற்கை நீர்நிலையின் அழகைக் காண்பதற்குக் கண்கள் போதும். அதன் நீர் எங்கிருந்து வருகிறது, யாரிடம் செல்கிறது என்று எண்ணிப் பார்ப்பவரே அதனைக் காக்க வல்லவர்.

கற்பவை கற்றபின்

1. செனோட்டே உருவாகும் விதத்தைப் படம் வரைந்து விளக்குக.
2. 'நிலத்தடி நீர் தனி ஒருவருக்கு உரியதன்று' என்னும் கருத்தை ஹோமுன் ஊர் நிகழ்வைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் விவாதிக்க.