தானியமில்லாத பிஸ்கட்

புரதங்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் எனக்கு என் தங்கையின் நினைவு வரும். அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் வயிற்றில் சேர்ந்தால், இந்நோயாளிகளின் எதிர்ப்பாற்றல் அவர்களது சிறுகுடல் உறிஞ்சிகளையே சிதைத்துவிடுகிறது. உண்பது உடலில் ஒட்டுவதில்லை. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்து மருத்துவர் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

அரிசி இவர்களுக்குத் தீங்கு செய்யாது. எனினும் மற்றப் பிள்ளைகள் பிஸ்கட் தின்னும்போது இவள் கையில் மட்டும் பொரியா? தூத்துக்குடியிலிருந்து மாமா வாங்கி வந்த மக்ரூனில்தான் விடை கிடைத்தது. முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவைதாம் அதன் சரக்கு. மாவைப் பிணைக்கும் குளூட்டனின் வேலையை இங்கு வெள்ளைக்கரு செய்கிறது. அடிக்க அடிக்க அதன் புரதங்கள் விரிந்து காற்றுக் குமிழ்களைச் சூழ்ந்துகொள்கின்றன. சீனி அந்நுரையை நிலைக்கச் செய்கிறது. முந்திரித் தூளை மெல்லக் கலந்து இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் நுரை அப்படியே இறுகும். சூடு மிகுந்தால் மேலே கருகி உள்ளே பசையாகும். (முதல்முறை அம்மா கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தார்.)

முந்திரியோ முட்டையோ ஒவ்வாதவர்க்கு இதுவும் ஆகாது. மற்றொன்று: உள்ளூர்க் கடையொன்றில் வாங்கிய மக்ரூனைத் தின்றும் தங்கைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அதே மேசையில் கேக்கிற்கு மைதா சலிப்பதைப் பின்னரே கண்டேன். பொட்டலத்து ஆங்கிலத்தை வாசிக்க எங்கள் வீட்டில் நான் ஒருவனே; அதிலும் இதனை அச்சிடவில்லை.

இப்போது வீட்டிலேயே, தனித்தட்டில் செய்கிறோம். முந்திரி விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாததால் சென்ற வாரம் உலர்ந்த தேங்காய்த் துருவலைச் சேர்த்தோம். நிறம் சற்று மங்கல்தான். தங்கை ஐந்து தின்றாள்.