கூலிக்கு வந்த சாமியும் கவிதை வகுப்பும்

தங்கச்சி, பிள்ளைகளைக் கவிதை எழுதவைக்கப் போகிறாய் என்றால், 'மழை', 'தாய்' என்று கரும்பலகையில் தலைப்பை எழுதிப்போட்டுவிட்டு உட்காராதே. வகுப்பே ஒரே கவிதையைத்தான் நீட்டும். முதலில் ஒரு பாட்டைக் கேட்கவை. நான் எடுப்பது 'ஒருதலை ராகம்' (1980) படம். டி.ராஜேந்தர் எழுதி எஸ்.பி.பி. பாடிய பாட்டு ஒன்று அதில் முழுக்க முரண்களாலேயே கட்டியது. நடக்கவே முடியாதவற்றை வரிக்கு வரி அடுக்க, சொல்லாத காதலின் வேதனை தானாகவே புரிந்துவிடுகிறது. எது எதோடு மோதுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீ விளக்காதே.

தொல்காப்பியர் சொன்ன முரண்தொடையைப் பாடத்தில் படித்திருப்பார்கள். ஆனால் இரவு பகல், மேடு பள்ளம் என்று எதிர்ச்சொற்களைச் சேர்த்தால் தொடை அமையும், கவிதை அமையாது. சேரக்கூடாத இரண்டு சேர வேண்டும். சேர்ந்தது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

உதாரணம் தேடி எங்கும் போகாதே. மதுரை ஆரப்பாளையத்துப் பிள்ளைகளுக்குப் புட்டுத்தோப்பு கூப்பிடு தூரம். ஆவணியில் புட்டுத் திருவிழா பார்த்திருப்பார்கள். அதன் கதையையே எடு: உலகுக்கே படியளக்கிற சிவன், உதிர்ந்த புட்டுக்காக வந்திக் கிழவியின் கூலியாளாய் வைகைக்கரையில் மண் சுமக்கிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அடித்தவன் முதுகிலும் விழுகிறது. இதைவிடப் பெரிய முரண் எனக்குத் தெரியாது. கதையைச் சொல்லி முடித்ததும், அடிபட்ட சாமி என்ன நினைத்திருப்பார் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்.

பிறகு அவரவர் கண்ணால் கண்டதற்கு வா. நடுவில் 'ஆனாலும்' வைத்து ஒரு வாக்கியம் கேள். பூ விற்கிறாள், ஆனாலும் அவள் தலையில் பூ இல்லை. பஸ் ஸ்டாண்டில் நாளெல்லாம் தேனி, திண்டுக்கல் என்று கூவுகிறார், ஆனாலும் எங்கும் போவதில்லை. கோடையில் பாலம் இருக்கிறது, ஆனாலும் கீழே தண்ணீர் இல்லை. எழுதி முடித்ததும் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லை அடித்துவிடச் சொல். வரி நிமிர்ந்து நிற்கும், பாரேன்.

எழுத்துப்பிழையை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். வேறொன்றில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். முரண் தேடுகிற பிள்ளை சில நேரம் வீட்டுத் துயரத்தையே எழுதிவிடும். அதை எல்லார் முன்னாலும் படித்துவிடாதே. தனியாகக் கூப்பிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல். வகுப்பில் வாசிக்கலாமா என்று கேள். வேண்டாம் என்றால் நோட்டை மூடி அதன் கையிலேயே கொடுத்துவிடு.